டெக்கின் பச்சை எண்களும் தலைமுடிக் கம்பியும்

எண்பதுகளில் நம்மூரில் வளர்ந்தவர்களுக்கு 'டெக்' என்றால் விளக்கம் தேவையில்லை. டிவியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து வந்து, தெருவே கூடி உட்கார்ந்து, ஒரே ராத்திரியில் மூன்று படம் பார்த்த காலம் அது. படங்கள் மறந்துபோயிருக்கலாம். அந்தக் கறுப்புப் பெட்டியின் நெற்றியில் நீலமும் பச்சையும் கலந்து ஒளிர்ந்த எண்கள் மறந்திருக்காது. கரண்ட் போய் வந்தால் 12:00, 12:00 என்று கண் சிமிட்டும். அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகிற பையனாகத்தான் இருப்பான்.

அந்த எண்களைக் கிட்டப்போய் உற்றுப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கண்ணாடிக்குள், எண்களுக்கு முன்னால், குறுக்காக இரண்டு மூன்று கம்பிகள் ஓடும். தலைமுடியைவிட மெலிசு. வெளிச்சம் தருவது அந்தக் கம்பிகள் அல்ல. ஆனால் அவை செத்துவிட்டால் வெளிச்சமே கிடையாது. அந்தக் கம்பிக்கு எந்த மாதிரிக் கரண்ட் கொடுப்பது? இந்தச் சின்னக் கேள்விக்கு நூறு வருஷ வரலாறு இருக்கிறது. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப்போகிறேன்.

சர்க்யூட் சமாச்சாரமாயிற்றே என்று ஓடிவிடாதீர்கள். வாய்க்கால் பாசனம் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகவே புரியும் :-) தெரிந்துகொள்வதில் லாபமும் உண்டு. இந்தக் கம்பியின் சங்கதி தெரியாததால், நல்ல நிலையில் இருக்கிற எத்தனையோ பெட்டிகள் 'டிஸ்ப்ளே போச்சு' என்று பழைய சாமான்காரரின் சாக்குக்குள் போய்விடுகின்றன.

கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது?

இந்த வகை டிஸ்ப்ளேவின் முழுப்பெயர் வேக்யூம் ஃப்ளோரசன்ட் டிஸ்ப்ளே. சுருக்கமாக வி.எஃப்.டி. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட கண்ணாடிக் கூட்டுக்குள் மூன்று அடுக்குகள். முன்னால் ஃபிலமென்ட் என்கிற இழை. நடுவில் கிரிட் என்கிற மெல்லிய வலை. பின்னால், எண்களின் வடிவத்தில் வெட்டிய ஆனோடுகள். ஆனோடின்மேல் துத்தநாக ஆக்ஸைடுப் பூச்சு.

இழை சூடானால் எலெக்ட்ரான்களை உதிர்க்கும். கிரிட்டுக்கும் ஆனோடுக்கும் பாசிடிவ் வோல்டேஜ் கொடுத்தால், அந்த எலெக்ட்ரான்கள் வலையைத் தாண்டிப் பாய்ந்து பூச்சின்மேல் மோதும். மோதின இடம் நீலப்பச்சையாக ஒளிரும். பழைய டிவி பிக்சர் ட்யூபுக்கு ஆயிரக்கணக்கில் வோல்ட் வேண்டும். இதற்கு 10 முதல் 50 வோல்ட் போதும். துத்தநாக ஆக்ஸைடு தானே ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் இந்தச் சலுகை.

இழை எண்களுக்கு முன்னால் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அது பிரகாசமாக எரிந்தால் நாம் எண்களைப் பார்க்க முடியாது. தடிமனாக இருந்தாலும் மறைக்கும். ஆகவே மெலிசாகவும் இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாமல் சூடாகவும் இருக்க வேண்டும். குண்டு பல்பின் டங்ஸ்டன் கம்பி 2000 டிகிரிக்கு மேல் கொதித்துத்தான் வெளிச்சம் தரும். வி.எஃப்.டி. இழையோ சுமார் 600 டிகிரியிலேயே வேலையை முடித்துவிடும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உற்றுப் பார்த்தால் மங்கிய சிவப்பு ஒருவேளை தெரியலாம். பகலில் பளிச்சென்று சிவப்பாகத் தெரிந்தால், யாரோ அதற்கு அளவுக்கு மேல் தீனி போடுகிறார்கள் என்று அர்த்தம்.

இந்த 600 டிகிரி மாயத்தைக் கண்டுபிடித்தவர் ஆர்தர் வேனெல்ட் என்ற ஜெர்மானியர். 1903-04 வாக்கில், பேரியம், கால்சியம் போன்றவற்றின் ஆக்ஸைடைப் பூசிய உலோகம் வெறும் உலோகத்தைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே ஏராளமாக எலெக்ட்ரான்களை விடுகிறது என்று காட்டினார். நம் டெக்கின் இழையும் அந்தப் பரம்பரைதான். உள்ளே டங்ஸ்டன், மேலே பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம் ஆக்ஸைடுகளின் பூச்சு. அளவுக்கு மேல் சூடேற்றினால் பூச்சு ஆவியாகிக் குறையும். போதாமல் சூடேற்றினால் எலெக்ட்ரான் வரத்து குறைந்து எண்கள் மங்கும். சாதாரணமாக, குறித்த வோல்டேஜுக்குப் பத்து சதவீதம் மேலே கீழே என்கிற அளவுக்குத்தான் கம்பெனிக்காரர்கள் இடம் கொடுப்பார்கள்.

ரேடியோ காலத்துத் தலைவலி

கம்பிக்கு எந்தக் கரண்ட் என்ற கேள்வி முதலில் எழுந்தது ரேடியோவில். 1920களில் அமெரிக்க வீடுகளில் இருந்த ரேடியோக்களில் வால்வின் இழையே எலெக்ட்ரானையும் தந்தது. அந்தக் காலத்தின் பிரபலமான யு.வி. 201ஏ வால்வுக்கு 5 வோல்ட், கால் ஆம்பியர் வேண்டும். ஐந்து வால்வு ரேடியோ என்றால் ஒன்றேகால் ஆம்பியர். இதற்கென்றே கார் பேட்டரி மாதிரி ஆசிட் பேட்டரி ஒன்றை வரவேற்பறையில் வைத்திருந்தார்கள். சார்ஜ் இறங்கினால் தூக்கிக்கொண்டு போய் ஏற்றி வர வேண்டும். ஆசிட் சிந்தினால் கம்பளம் ஓட்டை.

சுவரில்தான் கரண்ட் இருக்கிறதே, டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கி அதையே கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கொடுத்துப் பார்த்தார்கள். சுவரில் வருவது ஏ.சி. நொடிக்கு நூற்றிருபது தடவை திசை மாறுகிற அந்தக் கரண்ட், பாட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு சுருதிப் பெட்டியையும் சேர்த்து வாசித்தது. 1927இல் இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, 226 என்ற வால்வு: இழைக்கு வெறும் 1.5 வோல்ட், ஆனால் ஒரு ஆம்பியருக்கு மேல் கரண்ட். வோல்டேஜ் குறைந்ததால் இரைச்சலும் குறைந்தது. இழையின் இரண்டு முனைகளுக்கும் நட்டநடுவில் ஒரு புள்ளியைப் பிடித்து, சர்க்யூட்டின் கணக்கை அங்கிருந்து தொடங்கினால் ஒரு பக்க ஏற்றத்தை மறுபக்க இறக்கம் சரிக்கட்டிவிடும். இரண்டாவது, 227: இழை வெறும் அடுப்பு மட்டும், எலெக்ட்ரானைத் தருவது அடுப்பைச் சுற்றிய தனிக் குழாய். நம் தாத்தா வீட்டு வால்வு ரேடியோ போட்டவுடன் பாடாமல் அரை நிமிஷம் யோசித்ததற்குக் காரணம் இந்த அடுப்பு, குழாய் ஏற்பாடுதான்.

இரண்டாம் வழி ஜெயித்தது. இழைப் பிரச்னை தீர்ந்துவிட்டது என்று உலகம் நினைத்தது. நாற்பது வருஷம் கழித்து ஜப்பானில் அது மறுபடியும் எழுந்து வந்தது.

இசே நகரத்துக் குழாய்

அறுபதுகளில் ஜப்பானியக் கம்பெனிகள் மேஜைக் கால்குலேட்டர் செய்வதில் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. பின்னாளில் ஷார்ப் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஹயகாவா கம்பெனி 1964இல் கொண்டுவந்த சி.எஸ். 10ஏ கால்குலேட்டரின் எடை 25 கிலோ, விலை 5,35,000 யென். எண்களைக் காட்டியது நிக்ஸி குழாய். அழகான ஆரஞ்சு வெளிச்சம். ஆனால் அதற்கு 170 வோல்ட் மாதிரி வேண்டும். டிரான்ஸிஸ்டர் உலகத்துக்கு அது பேய் வோல்டேஜ். தவிர நிக்ஸி அமெரிக்கக் கம்பெனியான பரோஸின் சொத்து.

வேறு ஏதாவது கிடைக்காதா என்ற தேடலுக்கு வந்த பதில்தான் வி.எஃப்.டி. 1959இலேயே ஃபிலிப்ஸ் கம்பெனி டி.எம். 160 என்று, ஒரே ஒரு ஒளிப்புள்ளி காட்டும் குட்டி வால்வு ஒன்றை இதே தத்துவத்தில் செய்திருந்தது. அதை ஏழு துண்டுகள் கொண்ட எண்ணாக 1967இல் வளர்த்தது ஜப்பானின் இசே எலெக்ட்ரானிக்ஸ், டாக்டர் தடாஷி நகாமுராவின் முயற்சியில். மியே மாநிலத்தில், இருபது வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டி எழுப்பும் கோயிலுக்குப் பேர்போன அதே இசே ஊர்தான். குழாய்க்கு வைத்த பெயர் ஐட்ரான்.

1969இல் ஹயகாவாவின் க்யூ.டி. 8டி வந்தது. உள்ளே நான்கே பெரிய சில்லுகள், முகப்பில் ஐட்ரான் குழாய்கள். எடை 1.4 கிலோ, விலை 99,800 யென். ஐந்து வருஷத்தில் 25 கிலோ ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே இறங்கியதில் இந்தக் குழாய்க்கும் பங்குண்டு. அதில் பூஜ்யம் மட்டும் மற்ற எண்களில் பாதி உயரத்தில் குள்ளமாக இருக்கும். பார்க்க வேடிக்கை.

ஆனால் 227 வால்வின் அடுப்பு, குழாய் ஏற்பாடு இங்கே உதவாது. எண்களுக்கு முன்னால் குழாயைக் கொண்டுவந்து நிறுத்த முடியுமா? ஆகவே இழையே எலெக்ட்ரானைத் தர வேண்டும் என்ற பழைய முறைக்குத் திரும்பினார்கள். பழைய முறையோடு பழைய தலைவலியும் வந்தது. முன்பு காதுக்கு வந்தது, இப்போது கண்ணுக்கு.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை

இழையின் ஒரு முனையில் 0, மறுமுனையில் 3 வோல்ட் என்று டி.சி. கொடுக்கிறோம். ஆனோடில் 12 வோல்ட். 0 வோல்ட் முனைக்கு எதிரே இருக்கும் எண் பார்ப்பது முழுசாக 12 வோல்ட். மறுமுனைக்கு எதிரே இருப்பது பார்ப்பது 12 கழித்தல் 3, அதாவது 9 தான். கால்வாசிதானே குறைவு என்று விட முடியாது. எலெக்ட்ரான் ஓட்டம் வோல்டேஜின் ஒன்றரை மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும் என்பது சைல்ட், லாங்மியூர் விதி. மோதும் வேகத்தையும் சேர்த்தால் இரண்டரை மடி. காகிதத்தில் கணக்குப் போட்டால் கடைசி எண்ணுக்குக் கிடைப்பது முதல் எண்ணின் பாதி வெளிச்சம்தான்.

மதகுப் பக்கத்து வயல் தளும்புகிறது, கடைமடை காய்கிறது. நம் ஊர்ப் பஞ்சாயத்தேதான். தீர்வும் நம் ஊர்த் தீர்வே: முறை வைத்துப் பாய்ச்சுவது. இந்த நிமிஷம் இடது முனை மதகு, அடுத்த நிமிஷம் வலது முனை மதகு. அதுதான் ஏ.சி. இரண்டு முனையும் மாறி மாறித் தலைமடையாக இருந்தால், கண்ணுக்கு எல்லா எண்ணும் சமமாகத் தெரியும்.

வாய்க்காலில் தண்ணீர் நிறைய இருந்தால் கடைமடைக்காரர் கோபப்பட மாட்டார். ஆனோடில் 50 வோல்ட் இருந்தால், 3 வோல்ட் குறைந்து 47 ஆவதால் வரும் இழப்பு அதே கணக்கில் பதினைந்து சதவீதத்துக்குள். ஆக, டி.சி.யா ஏ.சி.யா என்று முடிவெடுக்கும்போது இழையின் வோல்டேஜை மட்டும் பார்த்தால் போதாது. ஆனோடு வோல்டேஜோடு ஒப்பிட்டு அது எவ்வளவு பெரிது என்று பார்க்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மரின் பொற்காலம்

மேஜைக் கால்குலேட்டர், கடிகாரம், ஆடியோ டெக், வீடியோ டெக் எல்லாம் சுவர்க் கரண்டில் ஓடியவை. டிரான்ஸ்ஃபார்மரில் கொஞ்சம் சுற்று கூடுதலாகச் சுற்றினால் இழைக்கு வேண்டிய ஏ.சி. ரெடி. ஜப்பானின் கிழக்குப் பாதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. நமக்கும் 50. இரண்டுக்கும் சரிப்பட்டு வந்தது.

1927இன் நடுப்புள்ளி வித்தை இங்கே மறு அவதாரம் எடுத்தது. அணைந்திருக்க வேண்டிய எண்ணின் கிரிட்டில் 0 வோல்ட் வைத்தால் மட்டும் போதாது. சூடான இழையிலிருந்து தெறிக்கும் எலெக்ட்ரான்களில் சில அப்படியும் நுழைந்து, அந்த எண் மங்கலாகப் பேய் மாதிரி தெரியும். கதவைச் சாத்தினால் போதாது, தாழ்ப்பாளும் போட வேண்டும். அதற்காக இழைச் சுற்றின் நடுப்புள்ளியை ஒரு ஸீனர் டயோடு வைத்துச் சில வோல்ட் உயர்த்தினார்கள். இழை உயர்ந்தால், அதைப் பொறுத்தவரை 0 வோல்ட் கிரிட் நெகடிவ் ஆகிவிடும். எலெக்ட்ரான் திரும்பிப் போய்விடும்.

எத்தனை வோல்ட் உயர்த்துவது? 5 வோல்ட் ஏ.சி. என்றால் அதன் உச்சி சுமார் 7 வோல்ட். நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு முனையும் மூன்றரை வோல்ட் மேலும் கீழும் ஆடும். கீழே ஆடும்போதும் தாழ்ப்பாள் விழுந்திருக்க வேண்டும். ஆகவே ஸீனர் அந்த மூன்றரையையும் தாண்டி, குழாய் கேட்கும் அடைப்பு வோல்டேஜையும் சேர்த்து இருக்க வேண்டும். எண்பதுகளின் ஆடியோ டெக்கைத் திறந்தால் டிஸ்ப்ளே பக்கம் இந்த ஸீனர் பெரும்பாலும் தென்படும்.

பைக்குள் போன கால்குலேட்டர்

எழுபதுகளில் கால்குலேட்டர் கைக்கும் பைக்கும் வந்தது. சுவர் இல்லை, பேட்டரி மட்டும். பேட்டரி தருவது டி.சி. ஒரே ஒரு டிரான்ஸிஸ்டரும் சுண்டைக்காய் அளவு ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மரும் வைத்து, அந்த டி.சி.யை வேகமாக வெட்டி வெட்டி ஏ.சி. ஆக்கினார்கள். அதே டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு சுற்று ஆனோடுக்கு உயர்ந்த வோல்டேஜ் தந்தது, இரண்டு மூன்று சுற்று மட்டும் கொண்ட இன்னொன்று இழைக்கு ஏ.சி. தந்தது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

இருந்தும் இழையின் பசி தீரவில்லை. எண் எரிந்தாலும் எரியாவிட்டாலும் அது தின்றுகொண்டே இருக்கும். எட்டு எண் காட்டும் சோவியத் ஐ.வி. 18 குழாயை எடுத்துக்கொள்ளுங்கள்: 5 வோல்ட், 85 மில்லி ஆம்பியர். இழைக்கு மட்டும் 0.4 வாட்டுக்கு மேல். நல்ல பென்சில் பேட்டரி ஒன்று ஆறேழு மணி நேரத்தில் காலி. 1973இல் ஷார்ப் கொண்டுவந்த இ.எல். 805, எல்.சி.டி. திரையோடு, ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் 100 மணி நேரம் ஓடியது. சட்டைப்பைக் கால்குலேட்டரிலிருந்து வி.எஃப்.டி. கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியதற்கு இந்த வித்தியாசம் போதாதா?

காரில் ஏறிய இழை

சட்டைப்பையில் தோற்ற வி.எஃப்.டி. காரில் ஜெயித்தது. வெயிலிலும் படிக்க முடியும், கடுங்குளிரிலும் சோம்பாது. ஆனால் கார் பேட்டரியும் டி.சி. தான். மலிவான வழி, ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு 12 வோல்டிலிருந்து இறக்குவது. இதில் கடைமடைப் பிரச்னை உண்டு. வோல்டேஜும் நிலையாக இருக்காது. எஞ்சின் ஓடும்போது 14.4க்கு ஏறும். ரெசிஸ்டன்ஸ் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால் சூடு 1.44 மடங்கு. பத்து சதவீதம்தான் இடம் கொடுக்கும் ஒரு சாதனத்துக்கு இது சித்திரவதை. டி.சி.க்கென்றே செய்த குழாய்களில் இழைக்கும் கிரிட்டுக்கும் உள்ள இடைவெளியை முனைக்கு முனை மாற்றி வைத்துச் சமாளித்தார்கள். வாய்க்காலுக்கே வாட்டம் கொடுத்த மாதிரி.

அடுத்த வழி, 12 வோல்டைத் துடிப்புத் துடிப்பாக வெட்டிக் கொடுப்பது. இதில் ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. 3 வோல்ட் இழைக்கு 12 வோல்டை எவ்வளவு நேரம் திறந்து வைக்க வேண்டும்? கால்வாசி என்று வாய் தன்னால் சொல்லும். சூடு போவது வோல்டேஜின் வர்க்கத்தில். கால்வாசி நேரம் திறந்தால் இழைக்குச் சேரும் சூடு 6 வோல்ட் கொடுத்ததற்குச் சமம், அதாவது வேண்டியதைப்போல நான்கு மடங்கு. சரியான விடை பதினாறில் ஒரு பங்கு, 6.25 சதவீதம். சாதாரண மல்டிமீட்டர் இந்தத் துடிப்பைச் சரியாக அளக்காது. அதை நம்பினால் குழாய் போகும்.

பிறகு வந்தது பிரிட்ஜ் முறை. நான்கு ஸ்விட்சுகள் இழையின் இரு முனைகளையும் மாற்றி மாற்றி பேட்டரியில் மாட்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே ஏ.சி. நேஷனல் செமிகண்டக்டர் இதற்கென்றே எல்.எம். 9022 என்ற சில்லு போட்டது. ஸ்டீரியோ ஸ்பீக்கரை ஓட்டும் பிரிட்ஜ் ஆம்ப்ளிஃபயருக்கு அது நெருங்கிய சொந்தம். பாட்டுக்குப் பதிலாக இழைக்கு ஒரே சீரான அலை. அந்தக் கம்பெனியையே 2011இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கிவிட்டது.

மாமனாரின் டிவிடி

டிரான்ஸ்ஃபார்மர் காலம் முடிந்து எஸ்.எம்.பி.எஸ். காலம் வந்ததும், மலிவான டிவிடி பெட்டிகளில் இழைக்குப் பெரும்பாலும் டி.சி.யே கொடுத்தார்கள். அதைச் சீராக்க ஒரு சின்ன கபாசிட்டர். சூட்டில் வருஷக்கணக்கில் வெந்து அது வறண்டுவிடும்.

ஒரு லீவில் கோவை போயிருந்தபோது மாமனார் தன் டிவிடி ப்ளேயரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "மாப்பிள்ளை, பாட்டெல்லாம் நல்லாத்தான் பாடுதுங்க. நம்பருதான் தெரிய மாட்டேங்குது. கடையில கேட்டா டிஸ்ப்ளே போயிருச்சு, புதுசு வாங்கிக்கோங்கங்கறாங்க."

"இருங்க மாமா, மொதல்ல லைட்டை அணைச்சுட்டுப் பாக்கலாம்."

இருட்டில் எல்லா எண்களும் ஒரே அளவு மங்கலாகத் தெரிந்தன. பூச்சு தேய்ந்திருந்தால் அடிக்கடி எரியும் துண்டுகள் மட்டும் மங்கி, எப்போதாவது எரிபவை பளிச்சென்று இருக்கும். எல்லாமே சேர்ந்து மங்கினால் சந்தேகம் சப்ளைமேல் போக வேண்டும். அளந்ததில், இழைக்கு வர வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வந்தது. பத்து ரூபாய் பெறாத கபாசிட்டர் மாற்றியதும் எண்கள் எழுந்து உட்கார்ந்தன. மாமியார் பெட்டியைப் பார்க்கவில்லை, மாமனாரின் முகத்தைப் பார்த்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் பெரிய கபாசிட்டரில் 320 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம். பழக்கமில்லாதவர்கள் திறக்க வேண்டாம். இருட்டில் பார்ப்பதற்கு மட்டும் யாருடைய அனுமதியும் வேண்டாம். அந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் "இழை சப்ளையைப் பாருங்கள்" என்று சொன்னாலே போதும்.

பிள்ளைகளோடு கடிகாரம் செய்பவர்களுக்கு

இங்கே புனேயில் புதவார் பேட்டைக் கடைகளிலும், மும்பை லாமிங்டன் ரோட்டிலும், பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும், நம் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் அலைகிற அப்பாக்களுக்காக இது. பழைய சோவியத் குழாய்களை வாங்கிக் கடிகாரம் செய்வது உலகம் முழுக்க ஒரு பித்து. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் சோர்ஸ் எது என்று பாருங்கள். சுவர்க் கரண்டும் டிரான்ஸ்ஃபார்மரும் இருந்தால், நடுப்புள்ளிச் சுற்றும் ஸீனரும். அறுபது வருஷமாக ஏமாற்றாத வழி. பிள்ளைகள் கை வைக்கும் சாமான் என்றால் சுவர்க் கரண்ட் வேண்டாம், யு.எஸ்.பி. 5 வோல்டே உத்தமம்.

ஐ.வி. 12 மாதிரி ஒரே எண் காட்டும் குட்டிக் குழாய்களா? இழைக்கு 1.5 வோல்ட், 100 மில்லி ஆம்பியர்தான். ஆனோடில் 25 வோல்ட் இருந்தால் டி.சி.யே தாராளம். நான்கு குழாய்களை மட்டும் வரிசையாகத் தொடரில் போடாதீர்கள். முதல் குழாய் 0 வோல்டில், நான்காவது 4.5 வோல்டில் உட்கார்ந்து, மறுபடி கடைமடைப் பஞ்சாயத்து. பக்கவாட்டில் இணைத்தால் தொல்லை இல்லை.

ஐ.வி. 18 மாதிரி நீளக் குழாயா? பிரிட்ஜ்தான். 5 வோல்டை முழுசாக மாற்றி மாற்றிக் கொடுத்தால் அந்த இழைக்கு அது கச்சிதம். 3 வோல்ட் இழை என்றால் 36 சதவீத நேரம் திறந்தால் போதும். எந்தக் குழாயானாலும் மைக்ரோகன்ட்ரோலரின் காலில் இழையை நேராக மாட்டக் கூடாது. குளிர்ந்த இழை முதல் நொடியில் இன்னும் அதிகமாக இழுக்கும், அந்தக் கால் தாங்காது.

அதிர்வெண்ணைப் பல பத்து கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். காரணம் இரண்டு. எண்களும் முறை வைத்துத்தான் எரிகின்றன. நொடிக்கு 200 தடவை எண்களைச் சுற்றிவந்து, இழையை 1001 ஹெர்ட்ஸில் ஓட்டினால், இரண்டும் உரசி நொடிக்கு ஒருமுறை வெளிச்சம் மெல்ல நீந்தும். இன்னொன்று, இழை என்பது ஸ்பிரிங்கில் கட்டி இழுத்த தந்தி, வீணைத் தந்தி மாதிரி. குழாயைச் சுண்டிவிட்டால் வெளிச்சம் அலையடிப்பதைப் பார்க்கலாம். காது கேட்கும் அதிர்வெண்ணில் ஓட்டினால் தந்தி தானே ஆட வாய்ப்புண்டு.

மறுபடியும் பாட்டுக்கு

கதையின் கடைசி அத்தியாயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 2015இல் கோர்க் என்ற ஜப்பானிய இசைக்கருவிக் கம்பெனியும், இசே எலெக்ட்ரானிக்ஸின் வாரிசான நோரிடாக்கே இட்ரானும் சேர்ந்து, நியூட்யூப் என்று ஒன்றை அறிவித்தன. பார்த்தால் சின்ன வி.எஃப்.டி. மாதிரியே இருக்கும், நீலப்பச்சையாகவே ஒளிரும். ஆனால் அது எண் காட்டும் டிஸ்ப்ளே அல்ல. பாட்டைப் பெருக்கும் வால்வு!

அதன் இழைக்கு 0.7 வோல்ட், 17 மில்லி ஆம்பியர். என்ன கரண்ட் கொடுக்க வேண்டும்? டி.சி. தான். ஏ.சி. கொடுத்தால் 1920களின் 'ம்ம்ம்' திரும்பி வந்துவிடும். கண்ணுக்கு ஏ.சி. நல்லது, காதுக்கு டி.சி. நல்லது. கம்பி அதே கம்பி, பூச்சும் அதே வேனெல்ட் காலத்துப் பூச்சுக்குச் சொந்தம். யாருக்காக வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து அதன் சாப்பாடு மாறுகிறது. எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறியது: சுவரோரம் டிரான்ஸ்ஃபார்மர், சட்டைப்பையில் சுண்டைக்காய்க் காயில், காரில் வெட்டிய துடிப்பு, மேஜையில் பிரிட்ஜ்.

சர்க்யூட் தேர்ந்தெடுப்பது என்றால் 'எது சிறந்தது' என்று கேட்கத்தான் நமக்குத் தோன்றும். இந்தக் கம்பியின் நூறு வருஷம் கேட்கச் சொல்வது வேறு மூன்று கேள்விகள்: கரண்ட் எங்கிருந்து வருகிறது, இழை எவ்வளவு நீளம், எதிரே இருப்பது கண்ணா காதா. மூன்றுக்கும் பதில் தெரிந்தால் சர்க்யூட் தானாகவே வந்து உட்காரும்.

அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது பரணில் ஒரு டெக்கோ, கடிகாரமோ, டிவிடியோ தூசி படிந்து கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். மங்கலாகவாவது எண் தெரிந்தால் இழைக்கு இன்னும் உயிர் இருக்கிறது.